எடை பார்க்காத எண்

2022 ஆகஸ்ட் 9. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாடின் பதினோராவது சுற்று முடிந்து, தனிநபர் பதக்கப் பட்டியல் வந்தது. முதல் பலகையில் தங்கம் சென்னையின் குகேஷுக்கு. வயது 16. முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று, அந்த எட்டாவதில் அமெரிக்காவின் ஃபாபியானோ காருவானாவையே சாய்த்தவர். மொத்தம் 11 ஆட்டத்தில் 9 புள்ளி; எதிராளிகளின் பலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் பெர்ஃபாமன்ஸ் ரேட்டிங் 2867. அதே பலகையில் உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனுக்கு வெண்கலம்தான்.

மூன்றாம் பலகையில் தங்கம் வாங்கியவர் இங்கிலாந்தின் டேவிட் ஹவல். 8 ஆட்டத்தில் ஏழரைப் புள்ளி. பெர்ஃபாமன்ஸ் 2898. குகேஷை விட 31 கூடுதல்.

அப்படியானால் மாமல்லபுரத்தில் மிகச் சிறப்பாக ஆடியவர் ஹவலா? எண் ஆமாம் என்கிறது. ஆட்டங்களைப் பார்த்தவர்களில் பாதிப் பேராவது தலையை ஆட்ட மாட்டார்கள். முதல் பலகையில் ஒவ்வொரு நாளும் எதிரே வந்து உட்கார்வது அந்தந்த நாட்டின் முதல் ஆள். மூன்றாம் பலகையில் வருவது அந்த நாட்டின் மூன்றாவது ஆள். இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

குத்துச்சண்டை ரசிகர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். நூறு வருடமாக அவர்கள் மல்லுக்கு நிற்பது இந்த ஒரு கேள்வியோடுதான். 53 கிலோ ஆளையும் 100 கிலோ ஆளையும் ஒரே பட்டியலில் எப்படி வைப்பது? அவர்களிடம் இதற்கு விடை இல்லை, பேச்சு மட்டும் உண்டு. சதுரங்கம்தான் அந்தப் பேச்சைக் கணக்குக்குக் கொண்டுபோனது. அந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது, எங்கெல்லாம் சறுக்கியது என்பதே இந்தக் கதை. மல்லன் என்று பட்டம் சூட்டிக்கொண்ட பல்லவ அரசனின் பெயரைத் தாங்கிய ஊரை வைத்து இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நரசிம்மவர்மன் யாரோடு பொருதி, எந்த எடைப் பிரிவில் மாமல்லன் ஆனான் என்று ஏழாம் நூற்றாண்டில் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

எடைப் பிரிவுகள் தாமே பிற்பாடு வந்தவை. லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909-இல் எட்டுப் பிரிவுகளை வரையறுத்தது. சிறிய ஆளைப் பெரிய ஆளிடம் அடிவாங்க விடக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. ஆனால் அதோடு ரசிகனின் நிம்மதி போயிற்று. எட்டுப் பிரிவு என்றால் எட்டுச் சாம்பியன். அவர்களில் யார் பெரியவர்? ஹெவிவெயிட் சாம்பியன் மற்ற ஏழு பேரையும் ஒரே நாளில் சுருட்டிவிடுவார்; அதனால் அவர்தான் சிறந்தவர் என்றால் யானைதான் சிறந்த மல்லன் என்று சொல்ல வேண்டிவரும். எடையைக் கழித்துவிட்டுத் திறமையை மட்டும் பார்த்தால் யார் என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் பவுண்ட் ஃபார் பவுண்ட் என்றன. லைட்வெயிட் சாம்பியன் பென்னி லெனார்ட் காலத்திலேயே புழங்கிய அந்தப் பேச்சு, 1940-களில் சுகர் ரே ராபின்சன் வந்ததும் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது.

ராபின்சன் வெல்டர்வெயிட் சாம்பியன், பிறகு மிடில்வெயிட் சாம்பியன். ஹெவிவெயிட் எனும் மகுடம் சூடிய முகமது அலியே தன் ஆதர்சம் ராபின்சன்தான் என்று சொல்லிவந்தார். கேள்வியைப் பேச்சோடு விடாமல் ரிங்குக்குள் இறங்கிப் பார்த்தவரும் ராபின்சன்தான். 1952 ஜூன் 25, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமுடன் மோதல்; மாக்சிமுக்குப் பதினைந்து பவுண்டு எடை கூடுதல். ரிங்கோரம் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் நடுவரே தாங்க முடியாமல் விலகினார், மாற்று நடுவர் ஏறினார். பாயின்ட்டில் ராபின்சன்தான் முன்னால் இருந்தார். பதிமூன்றாவது ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்தவரால் பதினான்காவதற்கு எழ முடியவில்லை. தோல்வி.

அந்த இரவு எதை நிரூபித்தது? ராபின்சன் கட்சிக்காரர்கள் வெயிலைச் சொன்னார்கள். மற்றவர்கள் அந்தப் பதினைந்து பவுண்டைத் தூக்கிக்கொண்டு ஓடவைத்ததே மாக்சிமின் சாமர்த்தியம் என்றார்கள். நேருக்கு நேர் மோதியும் விவாதம் தீரவில்லை.

நம் பக்கத்திலும் இந்தப் பேச்சு உண்டு. பா. இரஞ்சித்தின் 2021 படம் பார்த்துவிட்டுச் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப பரம்பரை என்று ஊர் முழுக்கப் பேசினோம். பரம்பரையை வைத்துப் பேசுவதும் ஒருவகைத் தரவரிசைதான். ஆளை ஆளோடு ஒப்பிடாமல் வாத்தியாரை வாத்தியாரோடு ஒப்பிட்டுவிடுவது. எடைப் பிரச்சினை தானாகக் கழன்றுகொள்ளும். மேரி கோமுக்கோ அந்த வசதி இல்லை. 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்கள் வாங்கியவர் அவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்றே பிரிவுகள், அதில் மிகச் சிறியதே 51 கிலோ. ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. அரையிறுதியில் நிகோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். அந்த வெண்கலத்தை அதே மேடையின் மற்ற வெண்கலங்களோடு சமமாக எண்ணுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. எவ்வளவு கூட்டி எண்ண வேண்டும் என்று கேட்டால் என்னிடம் கணக்கில்லை. குத்துச்சண்டையிலும் இல்லை.

இல்லாத கணக்கைப் பத்திரிகைகள் வாக்கெடுத்து நிரப்புகின்றன. 1922-இல் தொடங்கிய ‘தி ரிங்’ இதழ் எல்லா எடைக்குமான ஒரே பட்டியலை ஒரு குழுவின் தீர்ப்பாக வெளியிடுகிறது. 2022 ஜூனில் அதன் முதலிடத்துக்கு வந்தவர் ஜப்பானின் நவோயா இனோவே, பேண்டம்வெயிட், 118 பவுண்டு. பூஞ்சேரியில் ஒலிம்பியாட் நடந்த நாட்களில் அவர்தான் பட்டியலின் தலை. ஒலிம்பியாட் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 20-இல் உக்ரைனின் உசிக் இரண்டாம் முறையாக ஆண்டனி ஜோஷுவாவை வென்றார். முதலிடம் அவருக்குப் போனது. அவர் எடை நூறு கிலோ. இனோவே அந்த இடைவெளியில் யாரிடமும் தோற்கவில்லை, ரிங்கிலேயே ஏறவில்லை. ஆனாலும் இறங்கினார்.

இந்தத் தீர்ப்புப் பழக்கம் சதுரங்கத்திலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். இன்னார் பெரியவர், இன்னார் அடுத்தவர் என்று அறிந்தவர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் நம்புவார்கள். அமெரிக்கா பெரிய நாடு. நியூயார்க்காரர் நியூயார்க்கில் ஆடுவார், கலிபோர்னியாக்காரர் அங்கேயே ஆடுவார். இருவரும் வாழ்நாளில் சந்திக்காமலே போகலாம். 1950-இல் சதுரங்க அமைப்பாளர் கென்னத் ஹார்க்னஸ் ஒரு முறை வகுத்தார்: எதிராளிகளின் சராசரியை எடுத்துக்கொள், பாதிக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் பத்துப் புள்ளி கூட்டு, குறைந்தால் கழி. எளிது. ஆனால் ஏன் பத்து என்று கேட்டால் பதில் கிடையாது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆர்பாட் எலோ. 1903-இல் ஹங்கேரியின் கிராமம் ஒன்றில் பிறந்து, பத்து வயதில் பெற்றோரோடு அமெரிக்கா போனவர். மில்வாக்கியில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். விஸ்கான்சின் மாநிலச் சாம்பியன் பட்டத்தை எட்டு முறை வென்றவர், அதனால் வெறும் கணக்குப்பிள்ளை அல்ல. 1957-இல் மில்வாக்கியில் நடந்த போட்டியில் ஐம்பத்து மூன்று வயது எலோ, பதினான்கு வயது பாபி ஃபிஷரோடு ஆடித் தோற்றார். தன்னை வென்ற பையனையும் தன்னையும் ஒரே அளவுகோலில் வைப்பது எப்படி என்று யோசிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அவர் அப்படி யோசித்தாரா என்பது வேறு விஷயம். நான் அவராக இருந்தால் யோசித்திருப்பேன்.

எலோவின் பார்வை இயற்பியல்காரரின் பார்வை. ஒருவரின் ஆட்டம் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் நன்றாக ஆடுவார், மறுநாள் சொதப்புவார். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் ஒரு நடுவைச் சுற்றித்தான் நிகழும். அந்த நடுப்புள்ளியைத் தேடு. நேரடியாக அளக்க முடியாது. இரண்டு பேர் மோதும்போது யார் எத்தனை முறை ஜெயிக்கிறார் என்பதிலிருந்துதான் ஊகிக்க முடியும். 200 புள்ளி கூடுதல் உள்ளவர் நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய 76 புள்ளி எடுக்க வேண்டும் என்று அளவுகோலை அமைத்தார். அதற்கு மேல் எடுத்தால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். வென்றாயா தோற்றாயா என்பதை விட, உன்னிடம் எதிர்பார்த்ததைச் செய்தாயா என்பதே கேள்வி.

1960-இல் அமெரிக்கக் கூட்டமைப்பு இதை ஏற்றது. 1970-இல் உலக அமைப்பான ஃபிடே ஏற்றது. 1971-இல் வந்த முதல் அதிகாரப்பூர்வப் பட்டியலில் உலகச் சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கிக்கு 2690. முதலிடம் அவருக்கில்லை. 2760 எடுத்த ஃபிஷருக்கு. பட்டம் ஒருவரிடம், எண் இன்னொருவரிடம். மறு ஆண்டு ரெய்க்யாவிக்கில் ஃபிஷர் ஸ்பாஸ்கியை வென்றபோது எண்ணுக்கு ஏற்பட்ட மதிப்பு அதன் பிறகு குறையவே இல்லை.

தான் செய்ததைப் பற்றி எலோவுக்குப் பெரிய மயக்கம் கிடையாது. தண்ணீரில் ஏறி இறங்கும் ஒரு தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போலத்தான் இது என்று அவரே சொன்னார். மாமல்லபுரம் கடலோரக் குப்பங்களில் வலை மிதவைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தக்கைகள் எல்லாம் ஒரே தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதுதான் இதில் சொல்லாமல் விட்ட நிபந்தனை. ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து ஆடினால்தான் எண்கள் ஒப்பிடத் தகுந்தவை. கலக்காத குட்டையில் என்ன ஆகும் என்பதற்குச் சுவையான சாட்சி கிளாட் பிளட்குட். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சிறையில் ஆயுள் கைதி. சிறைக்குள்ளேயே போட்டிகள், சிறைக்குள்ளேயே எதிராளிகள். ஜெயித்து ஜெயித்து 1996-இல் அவர் ரேட்டிங் 2702-ஐத் தொட்டது. அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்! வெளியில் கிராண்ட்மாஸ்டர்கள் தங்களுக்குள் முட்டிமோதிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு கிழவர் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார். கணக்கில் பிழை இல்லை. குட்டைதான் தனி.

குத்துச்சண்டையின் எடைப் பிரிவு ஒவ்வொன்றும் இப்படி ஒரு குட்டை. வெல்டர்வெயிட் ஆள் ஹெவிவெயிட் ஆளோடு மோதுவதே இல்லை, மோதவும் கூடாது. இணைக்கும் கால்வாய் இல்லாத இடத்தில் எலோவின் எண்ணைப் போட்டுப் பயனில்லை. பவுண்ட் ஃபார் பவுண்ட் பட்டியல் என்றைக்கும் பேச்சாகவே இருக்கும் என்று நான் நம்புவது இதனால்தான்.

சதுரங்கத்தில் எடை கிடையாது. ஆனால் குட்டைகள் உண்டு. ஃபிடே அதைக் கண்டுகொண்ட விதம் ஒரு சங்கடமான அத்தியாயம். 1980-களில் பெண்கள் பெரும்பாலும் பெண்களோடு மட்டுமே ஆடினார்கள். அவர்கள் எண்கள் ஆண்களின் எண்களை விடக் கீழே தேங்கிவிட்டன, திறமையை ஒப்பிட்டால் அது நியாயமில்லை என்று ஒரு வாதம் எழுந்தது. 1986-இல் துபாயில் கூடிய பொதுச்சபை முடிவெடுத்து, 1987 ஜனவரிப் பட்டியலில் எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி சேர்த்தது. ஒரே ஒருவருக்கு இல்லை. ஹங்கேரியின் சூசன் போல்கருக்கு. அவர் ஆண்களோடு ஆடித்தான் தன் எண்ணைச் சம்பாதித்தார், அதனால் திருத்தம் வேண்டாம் என்பது காரணம். விளைவு, பெண்களில் முதலிடத்தில் இருந்தவர் ஒரே இரவில் மாயா சிபுர்தானிட்சேவுக்குக் கீழே போனார். பெரிய குளத்தில் நீந்தத் துணிந்ததற்குக் கிடைத்த பரிசு! புள்ளியியல் காரணம் என்னவாக இருந்தாலும், அந்த முடிவில் அரசியல் வாடை அடித்தது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் பூஞ்சேரிக்கே வந்திருந்தார். 1984-இன் தொடக்கத்தில் பெண்கள் பட்டியலின் தலையில் இருந்த ஸ்வீடனின் பியா கிராம்லிங். 59 வயதில், பெண்கள் பிரிவின் முதல் பலகையில் 11-க்கு ஒன்பதரை எடுத்துத் தங்கம் வாங்கிப் போனார்.

ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்ததே எதிர்பாராதது. மாஸ்கோவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்டு, மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது. நான்கே மாதத்தில் ஏற்பாடு. வேட்டி சட்டையில் கும்பிடும் குதிரை ‘தம்பி’ கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நின்றது. ரஷ்யா இல்லை, சீனா வரவில்லை. ரேட்டிங் சராசரியின்படி அமெரிக்காவுக்கு முதல் இடம், இந்திய முதல் அணிக்கு இரண்டாவது. போட்டிக்கு முன்பு எண் சொன்னது இதுதான்.

நடந்தது வேறு. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, ரேட்டிங் வரிசையில் பதினான்காவதாக வந்த அணி. முதல் பலகையில் ஆடிய அப்துசத்தோரவுக்கு 17 வயது, அதே அணியின் சிந்தரோவுக்கு 16. வெள்ளி ஆர்மீனியாவுக்கு. வெண்கலம், ஆர்.பி. ரமேஷ் பயிற்சியளித்த இந்திய இரண்டாம் அணிக்கு: குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரவுனக் சத்வானி. அவர்கள் எட்டாவது சுற்றில் அமெரிக்காவை 3–1 என்று அடித்தார்கள். இந்திய முதல் அணி நான்காவது, அமெரிக்கா ஐந்தாவது.

எண் பொய் சொன்னதா? இல்லை, தாமதமாகச் சொன்னது. பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு ஆண்டு நேரடிப் போட்டிகள் ஏறக்குறைய நின்றுபோயின. பையன்கள் வீட்டில் கணினியின் முன் உட்கார்ந்து வளர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் எண் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. இது உச்சியில் மட்டும் நடக்கும் விஷயமல்ல. அந்த ஆண்டுகளில் சென்னையில் ஏதாவது ஒரு ஓபன் போட்டிக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், 1300 என்று எழுதியிருந்த எட்டு வயதுக் குழந்தையிடம் மாட்டிக்கொண்டு முழித்த 1900-க்காரர்களை. தோற்றால் எண் சரியும், வென்றாலோ சில்லறைதான். இந்தத் தேய்மானம் கீழிருந்து மேலே பரவுகிறது என்று உணர்ந்து, 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே உள்ள எல்லோருடைய எண்ணையும் ஒரே தவணையில் தூக்கிவிட்டது. 2000-க்கும் அவர் எண்ணுக்கும் உள்ள இடைவெளியில் நூற்றுக்கு நாற்பது சேர்ப்பு. 1987-இல் செய்த காரியம்தான். இந்த முறை யாரையும் ஒதுக்கவில்லை.

இனி குகேஷ், ஹவல் விவகாரம். ஒலிம்பியாடில் ஒரு காலத்தில் தனிநபர் பதக்கத்தை வெறும் சதவீதத்தை வைத்தே கொடுத்தார்கள். பலவீனமான எதிராளிகளாகப் பார்த்து ஆடவைத்துப் பதக்கம் பறிக்கலாம் என்பதால் பெர்ஃபாமன்ஸ் ரேட்டிங் வந்தது. எதிராளிகளின் சராசரியோடு, எடுத்த சதவீதத்துக்குரிய மதிப்பைக் கூட்டுவது. குறைந்தது எட்டு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஹவல் ஆடியது சரியாக எட்டு. கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் குகேஷின் எதிராளிகள் சராசரி 2600-ஐ ஒட்டி இருந்தது தெரிகிறது. ஹவலுடையது 2500-க்கும் கீழே. குகேஷ் எடுத்தது 82 சதவீதம், ஹவல் 94. சதவீதம் நூறை நெருங்க நெருங்க, கூட்டும் மதிப்பு செங்குத்தாக ஏறும். ஹவலின் 2898-இல் அந்தச் செங்குத்தின் பங்கு பெரிது.

குகேஷ் தோற்ற ஒரே ஆட்டம் பத்தாவது சுற்றில், அப்துசத்தோரவிடம். நல்ல நிலையிலிருந்து நேர நெருக்கடியில் குதிரையைப் பறிகொடுத்துத் தோற்றார். தங்கமே கைக்கெட்டிய தூரத்தில் இருந்த நேரம் அது. அந்தச் சுமையோடு ஆடிய பதினோரு ஆட்டத்தையும், சுமை குறைந்த பலகையில் ஆடிய எட்டு ஆட்டத்தையும் ஒரே வரியில் எழுதச் சொன்னால் நான் குகேஷை முன்னால் எழுதுவேன். எண் என்னோடு உடன்படாது. ஆனால் பதக்கத்தை என்னைப் போன்றவர்களின் வாக்கில் விடாமல் எண்ணிடம் விட்டதே சரி என்பேன். குத்துச்சண்டை நடுவர்களின் கார்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதி புரியும்.

எலோ 1978-இல் எழுதிய நூலில் இறந்துபோனவர்களுக்கும் எண் போட்டார். அவரவர் உச்ச காலத்தில் கபாபிளாங்கா 2725, லாஸ்கர் 2720, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பால் மோர்ஃபி 2690. அவரவர் தம் காலத்தவரை எவ்வளவு மிஞ்சினார்கள் என்று வேண்டுமானால் இதில் பார்க்கலாம். மோர்ஃபியை இன்று கார்ல்சன் முன் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது விடையல்ல. காலமும் ஓர் எடைப் பிரிவு.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் நடப்புச் சாம்பியன் டிங் லிரெனை 7½–6½ என்று வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். போட்டிக்குப் போகும்போது அவர் எண் 2783, டிங்குடையது 2728. உலகப் பட்டியலில் குகேஷ் அப்போது ஐந்தாவது. முதலிடம் பட்டத்தைத் தானாக விட்டுக்கொடுத்திருந்த கார்ல்சனுக்கு. 55 புள்ளி வித்தியாசத்துக்குப் பதினான்கு ஆட்டத்தில் குகேஷ் எடுத்திருக்க வேண்டியது எட்டுக்குச் சற்று மேல். எடுத்தது ஏழரை. 2025 ஜனவரிப் பட்டியல் வந்தபோது புதிய உலகச் சாம்பியனின் எண் 2777 என்று இருந்தது. உலகப் பட்டத்தை வென்றதற்கு எலோவின் கணக்கு அவரிடம் வாங்கிக்கொண்டது ஆறு புள்ளி.